நூத்தியிருபது எடம்

"ஜெயிப்போமா மாட்டோமா, அத மட்டும் சொல்லுங்கம்மா."

கேட்டது தளபதி விறலன். பதில் சொல்ல வேண்டியது அவனோட குரு காத்தாயம்மா. சீடனை விட பத்து வயசு சின்னவங்க.

நாட்டுக்கு வயசு ரெண்டு. ராஜாவை விரட்டியாச்சு. கொடிக்கு என்ன கலருங்கிற சண்டை மட்டும் ஓயல. அதுக்குள்ள கடல் தாண்டிப் போற முதல் படையெடுப்பு.

தீவுக்காரங்க நாப்பது மீனவங்களைப் பிடிச்சு வெச்சிருந்தாங்க. அதுல ஒருத்தன் விறலனோட தம்பி. இந்த வாரக் காத்தை விட்டா, அடுத்த பருவம் வரைக்கும் படகு போகாது.

ஆறு படகுதான் இருந்துச்சு. புது நாடாச்சே, யாரும் கோவிச்சுக்கக் கூடாதுன்னு ஊருக்கு ஒரு ஆளு. நூத்தியிருபது ஊரு, நூத்தியிருபது எடம். எங்க ஊருக்கு மட்டும் ஏன் ஓரத்து எடம்னு ஒருத்தன் மூணு நாளா மொறச்சுக்கிட்டு இருந்தான்.

ஒத்திகையைக் காட்டச் சொன்னாங்க காத்தாயம்மா.

படகு கரைக்கு வந்துச்சு. எல்லாரும் குதிச்சாங்க, கத்துனாங்க, கொடிக்கம்பை நட்டாங்க. கம்புல துணி மட்டும் இல்ல.

காத்தாயம்மா கை தட்டுனாங்க. அப்புறம் வேடிக்கை பார்க்க வந்த பொம்பளைங்கள்ல முப்பத்தொம்பது பேரைக் கூப்பிட்டு, அவங்களோட மணல்ல உக்காந்தாங்க.

"ஜெயிச்சாச்சு. நாங்கதான் அந்த நாப்பது பேரு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

படை படகுல ஏறுச்சு. ரொம்பிடுச்சு.

நெருக்கி உக்காரலாம்னான் ஓரத்து எடத்துக்காரன். ரெண்டு பொம்பளைங்க கூட ஏறுனதுமே தண்ணி உள்ள வந்துச்சு.

எம்பது பேரோட போகலாமான்னு துணைத்தளபதி கேட்டாரு. அங்க காவலே நூறு பேரு, பத்தாதுன்னுட்டான் விறலன்.

அப்புறம் அவனே கணக்கைச் சொன்னான்.

"போறப்ப எல்லாரும் வேணும். வர்றப்ப நாப்பது பேரு அங்கயே நிக்கணும். அடுத்த காத்து வரைக்கும்."



விறலன் படகுலேந்து இறங்கி மணல்ல உக்காந்தான்.

பின்னால தொப்புனு ஒரு சத்தம். ஓரத்து எடத்துக்காரன் குதிச்சிருந்தான். அப்புறம் இன்னொருத்தன். அப்புறம் எண்ண முடியல.

காத்தாயம்மா எந்திரிச்சு, புடவையில ஒட்டுன மணலைத் தட்டிட்டு, விறலனோட எடத்துல போய் உக்காந்தாங்க.

"அண்ணே, நீ ஏறலையா?"ன்னு அவன் தம்பியாட்டம் கேட்டாங்க.

விறலன் அவங்களைப் பார்க்கல.

"படகைத் தள்ளுங்கடா"ன்னான்.