மாமியார் வீட்டுக்குப் போன தண்ணீர்

ஏரிக்குள்பட்டி ஏரிக்குள்தான் இருந்தது. யாரும் கொண்டுபோய்த் தள்ளவில்லை. ஒரு பஞ்ச காலத்தில் இடம் தேடி வந்த முன்னோர்கள், கல்லும் முள்ளும் இல்லாமல் தாம்பாளம் மாதிரி தட்டையாகக் கிடந்த அந்த நிலத்தைப் பார்த்து, "இவ்வளவு நல்ல இடத்தை எப்படிச் சும்மா விட்டு வச்சிருக்காங்க!" என்று நாற்பது குடிசைகளைப் போட்டுவிட்டார்கள். அடுத்த ஐப்பசியில் விஷயம் தெரிந்தது. ஆனால் கூரை வேய்ந்தாகிவிட்டதே!

மழை நின்று மூன்று மாதம் ஆனாலும் அந்த ஊரில் தண்ணீர் வற்றாது. கீழே இறங்காது, பக்கத்தில் நகராது. வந்த விருந்தாளி கிளம்ப மனமில்லாமல் உட்கார்ந்திருப்பது போல வாசலிலேயே இருக்கும். ஊர்ப் பிள்ளையாரே இடுப்பளவு தண்ணீரில்தான் இருந்தார். எலி எப்போதோ நீந்திப் போய்விட்டது. தவளைகள்தான் அவர் தலையில் ஏறி இறங்கின.

அந்த ஊர் மாடக்கண்ணுவுக்கு வாக்கப்பட்டவள் சீனியம்மா. கீழச்சுனையில் பிறந்தவள். இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்தாள். விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். ஒருநாள் புதுச் செருப்பை ஆணியில் மாட்டிவிட்டு, மூட்டையைத் தலையில் வைத்தாள்.

"கால் நனையாம இந்த வீட்டுக்குள்ள எப்ப நுழைய முடியுதோ, அப்பச் சொல்லி அனுப்பு. அதுவரைக்கும் எங்கம்மா வீட்டுல இருக்கேன்."

மாடக்கண்ணு ஆடிப்போனான். அவன் கஞ்சி வைத்தால் தீயும், தீயாவிட்டால் வேகாது. ஆணியில் தொங்கிய செருப்பைத் தினமும் துடைத்து வைத்து, அதனிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் வெளியே போவான்.

ஊருக்கும் கஷ்டம்தான். கிழமை தெரிந்த ஒரே ஆள் சீனியம்மா. அவள் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றிலிருந்து ஏரிக்குள்பட்டியில் செவ்வாய்க்கிழமையே நடந்துகொண்டிருந்தது.

நாட்டாமை தவசியா யாரிடமோ சொல்லி, மண்ணைப் பார்த்துச் சொல்லும் அதிகாரி ஒருவரை வரவழைத்தார். அவர் மாடக்கண்ணுவின் வாசலில் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி ஒரு கட்டி மண்ணை எடுத்தார். சாம்பல் நிறம், உள்ளே நீலம் ஓடியிருந்தது. நடுநடுவே துருப்பிடித்த மாதிரி செம்புள்ளிகள்.

"இது ஏரி மண்ணு. தண்ணி அசையாம நின்ன இடத்துல மாவு மாதிரி வண்டல் படிஞ்சு படிஞ்சு அடைச்சுக்கிச்சு. மேல விழுற தண்ணி கீழ இறங்காது. மண்ணுக்கு மூச்சு முட்டுது. தண்ணிக்கு ஒரு வழி விடுங்க. எங்க போய்ச் சேரணும்னு முதல்லயே முடிவு பண்ணிக்கங்க" என்று சொன்னார். வந்தபோது அவர் சைக்கிளில் வந்தார். போகும்போது சைக்கிள்தான் அவர் மேல் போனது.

"மூச்சு முட்டுதுன்னா என்ன செய்யணும்?" என்றார் நாட்டாமை.

"விசிறணும்" என்றார் குருவையா. ஊரில் யோசனை சொல்வதற்கென்றே இருந்தவர் அவர்.

நாற்பது வீட்டாரும் பனையோலை விசிறியும் முறமும் எடுத்துக்கொண்டு வந்து மண்ணுக்கு விசிறினார்கள். மத்தியானம் வரை விசிறியதில் அவர்களுக்குத்தான் மூச்சு முட்டியது. அப்போது குருவையா, அதிகாரி போட்டுவிட்டுப் போன மண்கட்டியை எடுத்து உற்றுப் பார்த்தார்.

"நாட்டாம, இது வேற சங்கதி. செம்புள்ளியப் பாத்தீங்களா? மண்ணுக்கு அம்மை போட்டிருக்கு!"

எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வயலெங்கும் வேப்பிலை செருகினார்கள். சூடு தணிய வேண்டுமே என்று வீட்டுக்கு ஒரு பானை மோரும் கூழும் கரைத்து மண்ணில் ஊற்றினார்கள். சாயங்காலம் பார்த்தால் தண்ணீர் இரண்டு விரற்கடை ஏறியிருந்தது.

"ஆத்தாவுக்கு இன்னும் கோபம் தீரல" என்றார் நாட்டாமை.

"மாமா, வழி விடச் சொன்னாரே, அதைச் செய்வோம்" என்றான் மாடக்கண்ணு. அவனுக்குச் செருப்பு ஞாபகம்.

மறுநாள் ஊரே தெருவின் இரண்டு பக்கமும் ஒதுங்கி, கைகட்டி நின்றது. நடுவில் தண்ணீருக்கு வழி விட்டிருந்தார்கள். தண்ணீர் அசையவில்லை.

"இத்தனை பேர் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நின்னா எப்படிப் போகும்? கூச்சப்படுது" என்றார் குருவையா.

எல்லாரும் திரும்பி நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து நாட்டாமை மெதுவாக, "போயிருச்சா?" என்று கேட்டார்.

"எனக்கெப்படித் தெரியும்? நானும் திரும்பித்தானே நிக்கிறேன்" என்றார் குருவையா.

உச்சி வெயில் ஏறும் வரை அப்படியே நின்றார்கள். கடைசியில் அந்தப் பக்கமாக வந்த எருமை மாட்டுக்காரன் ஒருவன், "ஏன்யா, வாய்க்கா வெட்டினா ஓடிரப் போகுது" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த யோசனை எல்லாருக்கும் புதிதாக இருந்தது.

ஆனால் எந்தப் பக்கம் வெட்டுவது? எங்கே போய்ச் சேரணும் என்று முதலிலேயே முடிவு செய்யச் சொல்லியிருக்கிறாரே!

"முன்னப்பின்ன தெரியாத ஊருக்கு அனுப்பக்கூடாது. நம்ம வாசல்ல இத்தனை வருஷம் இருந்த தண்ணி. போற இடத்துல மரியாதை இருக்கணும்" என்றார் நாட்டாமை.

"சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்புவோம். நம்ம மாடக்கண்ணு மாமியா வீடு பள்ளத்துலதான் இருக்கு" என்றார் குருவையா.

மாடக்கண்ணுவுக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. பெருமையாகக்கூட இருந்தது.

வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஏழு பேர் கீழச்சுனைக்குப் போனார்கள். சீனியம்மா களையெடுக்கப் போயிருந்தாள். தாய்க்காரி பேச்சியம்மாதான் இருந்தாள்.

"எங்க ஊர்ல ரொம்ப நாளாத் தங்கியிருக்கிறவங்கள உங்க வீட்டுக்கு அனுப்பலாம்னு இருக்கோம். உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார் நாட்டாமை.

"இதுக்குக் கேக்கணுமாய்யா? மாப்பிள்ள ஊர்லேருந்து வர்றவங்களுக்கு நடுவீட்டுல பாய் விரிக்கிறேன். வரச் சொல்லுங்க" என்று வெற்றிலைத் தட்டை வாங்கிக்கொண்டாள் பேச்சியம்மா.

நடுவீடு என்று சொல்லிவிட்டாள். அவர்களும் வாய்க்காலை நேராக அவள் வாசற்படி வரைக்கும் வெட்டினார்கள். 'விருந்தாளி வண்டிக்குப் பாதை போடுறாங்க' என்று அவளும் வெட்டினவர்களுக்கு மோர் கொடுத்தாள். எட்டு நாள் ஆனது. எட்டும் செவ்வாய்க்கிழமை.

ஒன்பதாம் நாள் காலையில் மாடக்கண்ணு கடைசி மண்வெட்டியைப் போட்டான். தண்ணீர் ஒரு நிமிஷம் யோசித்தது. அப்புறம் போனது. பிள்ளையார் கால் தெரிந்தது. அவருக்குக் கால் இருப்பதை அந்தத் தலைமுறை அன்றுதான் பார்த்தது.

கீழச்சுனையில் பேச்சியம்மா பாய் விரித்துவிட்டு நிமிர்ந்தாள். பாய் மிதந்தது. தாயும் மகளும் ஆட்டுக்குட்டியோடு தானியக் குலுக்கை மேல் ஏறி, அன்று முழுவதும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் காலை இருவரும் ஆட்டுக்குட்டியை இழுத்துக்கொண்டு ஏரிக்குள்பட்டிக்கு வந்தார்கள்.

"எவன்டா என் வீட்டுக்குள்ள ஊர்த் தண்ணியத் திருப்பிவிட்டது?" என்று பேச்சியம்மா ஊர் எல்லையிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"வந்து சேந்திருச்சா அத்தை? நல்லபடியா வந்துச்சா?" என்றான் மாடக்கண்ணு.

சீனியம்மா குனிந்து வாசலைப் பார்த்தாள். சேறு காய்ந்து அடைத் தோசை மாதிரி மேலே பொருக்கு விட்டிருந்தது. ஒரு காலை வைத்துப் பார்த்தாள், நனையவில்லை. இன்னொரு காலையும் வைத்தாள். வாயில் வந்த வசவை விழுங்கிக்கொண்டாள். மாடக்கண்ணு செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே நின்றான். இன்னும் பத்தே அடிதான்.

"நில்லு தாயி!" என்றார் நாட்டாமை. "வெளியூர்லேருந்து வர்றவ கால் கழுவாம வீட்டுக்குள்ள போகலாமா? எடுங்கடா ஒரு செம்புத் தண்ணி."

அவன் இவனைப் பார்த்தான், இவன் அவனைப் பார்த்தான். ஊரில் ஒரு செம்புத் தண்ணீர்கூட இல்லை. வாசலிலேயே தண்ணீர் இருந்த ஊரில் கிணறு தோண்டும் பழக்கம் ஏது?

"அனுப்பின இடத்துல கேட்டு வாங்கிட்டு வருவோம்" என்றார் குருவையா.

"ஒரு செம்பு போதும்யா" என்றாள் சீனியம்மா.

"அதெப்படி? நீ ஊருக்கே மருமக. ஒரு வீட்டுச் செம்புல கழுவினா மத்த முப்பத்தொம்பது வீட்டுக்காரன் மூஞ்சிய எங்க வச்சுக்குவான்?" என்றார் நாட்டாமை.

நாற்பது பேர் நாற்பது குடத்தோடு கீழச்சுனைக்கு ஓடினார்கள். பேச்சியம்மா வீட்டு நடுவீட்டில் மொண்டார்கள். திரும்பி வந்து, வரிசையாக நின்று, மரியாதையாக, ஆளுக்கு ஒரு குடமாகச் சீனியம்மா காலில் ஊற்றினார்கள்.

பத்தாவது குடத்தில் பொருக்கு கரைந்தது. இருபதாவதில் கணுக்கால் இறங்கியது. நாற்பதாவது குடம் காலியானபோது சீனியம்மா முழங்கால் வரை களிக்குள் நின்றாள். இழுத்தார்கள். வரவில்லை. மாடக்கண்ணு செருப்பில்லாத கையால் அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தான். அவனும் இறங்கினான்.

"போதும், விடுங்கய்யா! இடுப்பு கழண்டு வந்துரும்" என்று கத்தினாள் சீனியம்மா.

ஊர் கூடி உட்கார்ந்து யோசித்தது. மாடக்கண்ணு சேற்றில் நின்றபடியே அழுதான். "இனிமே இவ எப்படி வீட்டுக்குள்ள வருவா?"

குருவையா நெடுநேரம் தாடியைச் சொறிந்தார். "அவ வீட்டுக்கு வர முடியல. வீடு அவகிட்ட வரலாமில்ல?"

ஓலைக் குடிசைதானே. கூரையைப் பிரித்து, மூங்கில் காலைப் பிடுங்கி, தட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, புருஷன் பெண்சாதி இரண்டு பேரையும் நடுவில் வைத்து, பொழுது சாய்வதற்குள் வீட்டை மறுபடி கட்டி முடித்தார்கள்.

"பாத்துக்க தாயி. வீட்டுக்குள்ள வரும்போது உன் கால் ஒரு சொட்டு நனையல. முன்னாடியே நனைஞ்சது கணக்கில வராது" என்றார் நாட்டாமை.

சீனியம்மா கூரையைப் பார்த்தாள், தட்டியைப் பார்த்தாள், பக்கத்தில் புதைந்து நின்ற மாடக்கண்ணுவைப் பார்த்தாள். அவன் இன்னும் செருப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தான், நனையக்கூடாதென்று. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வாசலக் கொஞ்சம் கிழக்க திருப்பி வைங்க. அடுப்ப இந்தப் பக்கம், என் கைக்கு எட்டுற மாதிரி. இன்னைக்கு வெள்ளிக்கிழமை, விளக்கேத்தணும்."

"வெள்ளிக்கிழமையா!" என்று ஊரே நிம்மதியாக மூச்சு விட்டது.

மறுநாள் பேச்சியம்மா கடப்பாரையால் நெம்பி இருவரையும் வெளியே எடுத்தாள். காலை உதறிக்கொண்டு வெளியே வந்த சீனியம்மா, எதிரே பார்த்து அப்படியே நின்றாள். நேற்று வரை வீடு இருந்த இடம். மேடாக, சாணம் மெழுகி, கட்டாந்தரையாகக் காய்ந்து கிடந்தது.

நாட்டாமை வந்து பார்த்தார். குருவையா குனிந்து தட்டிப் பார்த்தார். அதற்குள் ஊரே கூடிவிட்டது.

"அடப் பாவிகளா! இவ்வளவு காய்ஞ்ச இடத்த ஊருக்கு நடுவுல வச்சுக்கிட்டு, இத்தனை நாளும் இதை மறைச்சு வீட்டக் கட்டி வச்சிருந்தோமே!" என்றார் குருவையா.

அன்று மத்தியானமே மற்ற முப்பத்தொன்பது வீடுகளையும் பிரிக்க ஆரம்பித்தார்கள், கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க.