கூரைமேல் எருமை நின்ற படம்

வெள்ளத்தாய் முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். இலை முறத்திலும் காம்பு தரையிலும் விழவேண்டும். அவள் ஊரான கோணக்குளத்தில் அது மாறி விழுவதுதான் வழக்கம். அப்போது மூன்றாவது படிக்கும் மகள் தங்கக்கிளி ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

“யம்மா, டீச்சர் நம்ம ஊரை வரையச் சொன்னாங்க. குளம், மாடு, மனுசங்க எல்லாம் வரணுமாம். படமும் ஊரும் ஒரே மாதிரி இருக்கணுமாம். நாளைக்குக் காலையில இங்க வந்தே பாப்பாங்களாம். சரியா இருந்தா பள்ளிக்கூடத்துச் சுவத்துல ஒட்டுவாங்களாம்!”

வெள்ளத்தாய் முறத்தைத் தள்ளி வைத்தாள். அவள் படித்த மூன்று வருசமும் அந்தச் சுவரைப் பார்த்துத் தண்டனையாக நின்றதுதான் மிச்சம். மகள் படமாவது அதில் ஏறட்டுமே!

படத்தைப் பார்த்தாள். குளம் சிவப்பாக இருந்தது. கலர் டப்பாவில் சிவப்பும் கருப்பும்தான் மிச்சமாம். கீழே இடம் பத்தாததால் எருமை கூரைமேல் நின்றது.

விசயம் பெரிசு. வேப்பமரத்தடியில் ஊர் கூடியது. ஊருக்குப் பெரியவரான மொக்கையன் மாமா படத்தை ஒரு தடவை பார்த்தார், ஊரை ஒரு தடவை பார்த்தார்.

“குளம் சிவப்பா இல்ல. எருமை தரையில நிக்குது. ஊரு பூரா தப்பா இருக்கு.”

“படத்தைத் திருத்திட்டா என்ன?” என்று வெள்ளத்தாய் முந்தானையைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

“ரப்பர் வச்சிருக்கியா தாயி?”

“இல்ல மாமா.”

“மம்பட்டி?”

“இருக்கு.”

“அப்ப எதைத் திருத்த முடியும்? ஊரைத்தானே!”

பொழுது சாய்வதற்குள் அறுபது கூடை செம்மண் குளத்துக்குள் போனது. தண்ணீர் ரத்தச் சிவப்பாகிவிட்டது. வாத்துகள் கரையேறி உட்கார்ந்துகொண்டு உள்ளே இறங்க மாட்டேன் என்றன.

அடுத்தது எருமை. கூரைக்கு ஏணி சாத்தினார்கள். எருமை அசையவில்லை.

“பாவம், அதுக்குப் பழக்கமில்ல. நாம ஏறிக் காட்டணும்,” என்றாள் சடைச்சி மதினி.

எட்டுப் பேர் வரிசையாக ஏறி இறங்கிக் காட்டினார்கள். எருமை கடைசிவரை மரியாதையாகப் பார்த்துவிட்டு, வெள்ளத்தாயின் முருங்கைக்கீரையைத் தின்னப் போய்விட்டது.

மொக்கையன் மாமா தாடையைச் சொறிந்தார். “எருமை மேல போகாட்டி கூரை கீழ வரட்டும்.”

“மாமா, மழை வந்துட்டா?” என்றாள் வெள்ளத்தாய். அவள் வீட்டுக் கூரையல்லவா அது!

“படத்துல மழை இருக்கா?”

“இல்ல.”

“பெறகு எப்படி வரும்?”

கூரையைப் பிரித்து இறக்கித் தரையில் விரித்தார்கள். எருமை அதன்மேல் ஏறிச் சாணி போட்டது. ஊரே கைதட்டியது.

மறுநாள் காலை, டீச்சர் வரும் பஸ் ஊர் எல்லையில் ஹாரன் அடித்த நேரம், சடைச்சி மதினி அலறினாள். “ஐயையோ, படத்துல நம்ம ஒருத்தருக்கும் வாயே இல்லையே!”

“சிவப்பு பூரா குளத்துக்கே தீந்துபோச்சு அத்தை,” என்றாள் தங்கக்கிளி.

இனி யோசிக்க நேரமில்லை. அத்தனை பேரும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தங்கக்கிளியும் பொத்திக்கொண்டாள். கருப்பில் வரைந்ததால் எருமைக்கு மட்டும் வாய் இருந்தது. அது “ம்மா” என்று டீச்சரை வரவேற்றது.

மரத்தில் குத்தியிருந்த படத்தை டீச்சர் எடுத்துப் பார்த்தார். குளத்தைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கூரைமேல் நின்ற எருமையைப் பார்த்தார். ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

“அச்சு அசலா இருக்கே! யாரு வரைஞ்சது? பேரே எழுதலையே?”

ஊர் வாயைப் பொத்தியபடி நின்றது.

“பேர் தெரியாம நான் எப்படிச் சுவத்துல ஒட்டுறது? இன்னும் பத்துப் படம் பாக்கணும். சொல்றீங்களா, போகட்டுமா?”

பேசினால் படம் தப்பாகிவிடும். பேசாவிட்டால் படம் போய்விடும். பிறந்ததிலிருந்து வெளியாள் முன்னால் வாய் திறக்காத வெள்ளத்தாய், ஓடிப்போய் டீச்சர் கையிலிருந்த தாளைப் பிடுங்கினாள். நெற்றிக் குங்குமத்தை விரலில் தொட்டு, படத்தில் வீட்டுவாசலில் நின்ற தன் முகத்தில் ஒரு வாய் வரைந்தாள்.

குங்குமம் பாதி வாய்க்குத்தான் வந்தது.

மொக்கையன் மாமா எட்டிப் பார்த்து, ‘பாதிக்குப் பாதி’ என்று கையால் ஜாடை காட்டினார். ஊரும் அது நியாயம்தான் என்று தலையாட்டியது. வெள்ளத்தாய் ஒரு பக்கத்து உதட்டை மட்டும் திறந்து, ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்:

“டீச்சர், இந்தப் படத்தை வரைஞ்சது எங்க வீட்டுத் தங்க…”

பாதி வாய்க்குப் பாதிப் பேர்தான் வந்தது.