தூணுக்கு எதிர்வீடு

முன்னொரு காலத்தில், ஒரே ஏரியை நம்பி நாற்பது ஊர் பிழைத்த கொன்றைநாட்டைத் திருமேனிராயர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். காலையில் ஒரு சட்டம் போடுவார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அதைத் தானே மெச்சிக்கொள்வார். மெச்சித் தீராத சட்டம் ஒன்று உண்டு. அரசு வேலை எது காலியானாலும், சூரியன் உதிக்கையில் அரண்மனை மணி அடிக்கும். மணி அடித்த பிறகு சபை மண்டபத்துத் தூணை யார் முதலில் தொடுகிறாரோ அவருக்கே வேலை. குலம் கேட்பதில்லை, குடும்பம் கேட்பதில்லை.

"இதைவிட நியாயம் பூமியில் உண்டா?" என்பார் ராஜா.

"இல்லவே இல்லை, பிரபு!" என்பார் தளவாய் அம்பலவாணர். அவர் வீடு தூணுக்கு நேர் எதிரே இருந்தது.

கடைமடை ஊர் மாராக்காளுக்குத்தான் அந்த நியாயம் பிடிபடவில்லை. ஏரிக்குள் முங்கி மதகைத் திறக்கிறவள் அவள். எப்போது, யாருக்குத் திறப்பது என்று சொல்கிறவர் ஏரி அதிகாரி. ஒன்பது வருஷமாக அந்த அதிகாரி தளவாயின் மைத்துனர். மேல்மடையில் தங்கள் தென்னந்தோப்பு நனைந்துவிட்டால் அவருக்கு நாடே நனைந்த மாதிரி. கடைமடையிலோ நெல் பால் பிடிக்கிற நேரம். ஐந்து நாளில் தண்ணீர் வராவிட்டால் அத்தனையும் பதர்.

வருஷம் முடிந்து அந்த வேலை காலியான அன்று, மாராக்காள் முதல் ஆளாகக் கோட்டை வாசலில் வந்து நின்றாள். மணி அடித்தது. மணி அடித்த பிறகுதான் கோட்டைக் கதவைத் திறப்பது வழக்கம். திறந்ததும் ஏழு தெரு ஓடினாள். தூணருகே மைத்துனர் தலையணைக் கோடு கன்னத்தில் அழியாமல் நின்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

"பத்தாவது வருஷமும் இவரேதானா!" என்று ராஜா வியந்தார்.

"மகாராஜா, கதவு திறந்த பிறகுதானே நான் ஓட முடியும்?" என்றாள் மாராக்காள், மூச்சு வாங்க.

தளவாய் சிரித்தார். "கதவு எல்லாருக்கும் ஒரே நேரத்தில்தானேம்மா திறக்கிறது? உனக்கென்று தனியாகவா பூட்டினார்கள்? பிரபு, சுறுசுறுப்பு பரம்பரையில் வரணும். கடைமடைக்காரர்களுக்குத் தூக்கம் ஜாஸ்தி."

சபை விழுந்து விழுந்து சிரித்தது. மாராக்காளுக்கு வாய்வரை வந்தது வசவு. விழுங்கிக்கொண்டாள். இவர்களுக்குக் காதில் ஏறாது, கால் வலித்தால்தான் ஏறும் என்று தோன்றியது.

"சரிதான் மகாராஜா. இவ்வளவு நல்ல சட்டம் கோட்டைக்குள்ளேயே அடைஞ்சு கிடக்குதேன்னுதான் என் வருத்தம். நாளன்னிக்கு ஏரித் திருவிழா. மதகடியில் பரிவட்டம் கட்டுற முதல் மரியாதை எப்பவும் உங்களுக்குத்தான். இந்த வருஷம் மணி அடிச்சதும் மதகுக் கல்லை முதல்ல தொடுறவங்க தலையில கட்டலாமே?"

"எனக்கும் அதே சட்டமா?"

"நீங்க போட்டதுதானே சாமி."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. "சபாஷ்! கதவும் மணி அடித்த பிறகே திறக்கட்டும். எனக்கென்று சலுகை வேண்டாம்."

"கதவு திறந்தாத்தான் ஓட முடியும்னு நான் சொன்னது தப்புன்னா இனிமே இந்தக் கோட்டை வாசல மிதிக்க மாட்டேன். திருவிழா முடியுறவரைக்கும் ஏரி அதிகாரி முத்திரை உங்க கையிலேயே இருக்கட்டும்."

"இருக்கட்டும்!" என்றார் ராஜா.

திருவிழா விடிந்தது. கோட்டைக்குள் நடந்ததை வாசல் காவலன் பிற்பாடு சொல்லிச் சொல்லிச் சிரித்தான். ராஜா வெள்ளைக் குதிரையில் கதவை முட்டிக்கொண்டு நின்றாராம். "திறடா!" என்றாராம். "மணி அடிக்கட்டும் மகாராஜா, நீங்க சொன்னதுதான்" என்றானாம் இவன்.

மணியோசை வயல்களைத் தாண்டி ஏரிக்கு வந்தபோது மாராக்காள் மதகடியில் நின்றிருந்தாள். பக்கத்தில் எருமை மேய்க்கும் குருந்தன் வழக்கம்போல் கல்லோரமாகப் படுத்திருந்தான். மணி கேட்டதும் எழுந்திருக்கக்கூட இல்லை. கையை நீட்டிக் கல்லைத் தொட்டான். மறுபடி கண்ணை மூடிக்கொண்டான். ஊரார் படுத்தவாக்கிலேயே அவனுக்குப் பரிவட்டம் கட்டினார்கள்.

வெகுநேரம் கழித்துத்தான் தூசி தெரிந்தது. ஈரக் கரையில் குதிரை வழுக்கியதால், ராஜாவும் தளவாயும் கடைசிக் கூப்பிடுதூரம் நடந்தே வந்தார்கள். ராஜாவின் தலைப்பாகை காதுவரை இறங்கியிருந்தது.

"யார் இவன்?"

"உங்க ரெண்டு பேரையும்விடச் சுறுசுறுப்பானவன், மகாராஜா. பரம்பரைச் சுறுசுறுப்பு" என்றாள் மாராக்காள்.

தளவாய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "அநியாயம் பிரபு! இவன் இங்கேயே படுத்துக் கிடந்தவன். நாம் பூட்டிய கதவுக்குப் பின்னால் காத்துக் கிடந்து, காடு கரையெல்லாம் தாண்டி... இது ஒரு போட்டியா?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

ராஜா அவரையே பார்த்தார். "தளவாயரே, உம் மைத்துனர் எங்கே படுக்கிறார்?"

"வீட்டில்தான், பிரபு."

"எவர் வீட்டில்?"

குருந்தன் ஒரு கண்ணைத் திறந்தான். "இவரு வீட்லதான் சாமி. தூணுக்கு எதுத்தாப்புல. நான் மோர் கொண்டுபோய் ஊத்தியிருக்கேன்."

ராஜா சிரிக்க ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தினார். பத்து வருஷத்தை மனசுக்குள் புரட்டிப் பார்த்தார் போலிருக்கிறது. "சரி. இனி கதவை முன்கூட்டியே திறக்கச் சொல்கிறேன்."

"திறங்க. அப்பவும் நான் ஒரு காதம் நடக்கணும், அவரு வாசப்படி இறங்கணும். மகாராஜா, உங்களுக்குத் தூணைத் தொடத் தெரிஞ்ச ஆளு வேணுமா, தண்ணி விடத் தெரிஞ்ச ஆளு வேணுமா? அதை முதல்ல முடிவு பண்ணுங்க."

ராஜா மடியிலிருந்து முத்திரையை எடுத்து அவள் கையில் வைத்தார். "தண்ணீர் இன்று கடைமடைக்குப் போகுமா?"

"தளவாயரு தோப்புக்குப் பிரியுற வாய்க்காலை அடைச்சா சாயந்தரத்துக்குள்ள போயிரும்."

"அடைக்கிறவர் அவரே."

அம்பலவாணர் தன் பட்டு வேட்டியைப் பார்த்தார், முழங்கால் ஆழச் சேற்றைப் பார்த்தார், ராஜாவைப் பார்த்தார். ராஜா ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாராக்காள் முந்தானையை வரிந்து செருகிக்கொண்டு மண்வெட்டியை அவரிடம் நீட்டினாள்.

"செருப்பைக் கழட்டிட்டு இறங்குங்க, தளவாயரே. வழுக்கும்."