பட்டு மூடிய தட்டுகள்

மருதங்குடி மடத்துக்குத் தலைவி உமையாள். முப்பது வயதுகூட ஆகவில்லை. அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவள் கனகாம்புயம். ஆனாலும் வாய் நிறைய "தாயே" என்றுதான் கூப்பிடுவாள். குரு என்று ஒருத்தரை ஒப்புக்கொண்ட பிறகு வயதையா பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

அன்று காலை அவள் மடத்துக்கு ஓடி வந்தது உபதேசம் கேட்க இல்லை.

"இன்னிக்கு சாயங்காலம் பூரணியைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பறேன் தாயே. நீங்க ஊர்வலத்துல முன்னால நடக்கணும்."

"பின்னால வரேனே."

"பின்னால வந்தா யார் கண்ணுல படும்?"

உமையாள் சிரித்தாள். "சரி, முன்னாலயே வரேன். முகம் ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு?"

வெளுக்காமல் என்ன செய்யும்? அந்த ஊர் வழக்கம் அப்படி. பெண்ணைக் கட்டிக் கொடுத்தால் நாலு தெருவும் சுற்றித்தான் அனுப்ப வேண்டும். பெண்ணுக்கு முன்னால் சீர்த்தட்டு, பின்னால் சீர்த்தட்டு. ஒவ்வொன்றின் மேலும் பட்டுத்துணி. உள்ளே என்ன இருக்கிறது என்று தெருவுக்குத் தெரியாது. எத்தனை தட்டு என்பது மட்டும் தெரியும். எதிர்வீட்டுப் பங்கஜம் தன் பெண்ணை அனுப்பியபோது, முதல் தட்டு கோயில் முனையில் திரும்பிய பிறகும் கடைசித் தட்டு வீட்டுப் படி இறங்கவில்லை. அதை ஊர் ஒரு வருஷம் மென்றது.

கனகாம்புயத்தின் புருஷனுக்கு வியாபாரம் படுத்துவிட்டது. வீட்டில் இன்னும் பெரிதாக மிச்சமிருந்தது வாசற்கதவு ஒன்றுதான்.

"தட்டு இருக்கு தாயே, மேல வைக்கத்தான் ஒண்ணுமில்லை. முதல் வரிசையில மட்டும் பழம், புடவை, வெள்ளிக் கிண்ணம். மத்ததுல எல்லாம் சின்னச் சின்னக் கூடையைக் கவிழ்த்து, மேல பட்டைப் போட்டு மூடிட்டேன். பார்த்தா குவிச்சு வைச்ச மாதிரிதான் இருக்கு. பாவமா இது?"

"பூரணிக்குத் தெரியுமா?"

"தெரியும். 'ஒத்தைத் தட்டோட அனுப்பும்மா, நான் போறேன்'னு அழுதா. அவளுக்கு என்ன தெரியும், குழந்தை! மாமியார்க்காரி தில்லைநாயகி வீடுன்னா சும்மாவா? தந்தம் பதிச்ச ஊஞ்சல் ஆடற வீடு. அங்க ஒத்தைத் தட்டோட போய் நின்னா ஆயுசுக்கும் அடுப்படிதான்."

"உள்ள கொண்டுபோய்த் துணியை எடுப்பாங்களே?"

"எடுக்கட்டும். தெருவுல சொல்லிக்க மாட்டாங்க, அவங்க மானமும் சேர்ந்துதானே போகும். வீட்டுக்குள்ள நாலு வார்த்தை கண்டபடி திட்டுவாங்க. அவ்வளவுதான்."

"யாரை?"

கனகாம்புயம் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நேரமாச்சு தாயே, பூ இன்னும் வரலை."

அவள் படியிறங்கும்போது உமையாள் சொன்னாள்: "எனக்கும் ஒரு தட்டு வையுங்க. கூடை கவிழ்த்த தட்டா."

சாயங்காலம் மேளம் புறப்பட்டது. தூக்கி வந்த பெண்களிடம் கனகாம்புயம் மூன்றாம் தடவையாகச் சொல்லிவிட்டாள்: "கனமா இருக்கற மாதிரி நடங்கடி!" அவர்களும் இடுப்பை வளைத்து, பல்லைக் கடித்து நடந்தார்கள். குரு மட்டும் தட்டை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, ஆற்றுக்குக் குளிக்கப் போகிறவள் மாதிரி போய்க்கொண்டிருந்தாள்.

கனகாம்புயம் ஓடிப்போய்ப் பக்கத்தில் சேர்ந்துகொண்டாள். "ரெண்டு கையால பிடிங்க தாயே!"

"எதுக்கு? ஒண்ணுமில்லாத தட்டுதானே?"

"ஐயோ, மெதுவா!"

கடைத்தெரு திரும்பியதும் காற்று எழும்பியது. மஞ்சள் பட்டு ஒன்றின் ஓரம் தூக்கியது. கூடையின் விளிம்பு தெரிந்தது. கனகாம்புயம் பாய்ந்து அமுக்கினாள். நிமிர்ந்தால், தூணில் சாய்ந்தபடி பங்கஜம். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. எண்ணுகிறாள்! பார்த்தாளா, பார்க்கவில்லையா?

"என்ன கனகாம்புயம், தட்டை விடமாட்டேங்கிறே? ஓடியா போயிடும்?"

"தங்கம் இருக்குடி, காத்துல ஆடினா சரிஞ்சிடும்," என்றாள். சொன்ன பிறகும் பட்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

தில்லைநாயகி வாசலில் ஆரத்தியோடு நின்றிருந்தாள். ஆரத்தி சுற்றி முடிந்தது. அவள் கண் வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நிதானமாகப் போய், குருவின் கையில் வந்து நின்றது.

"மடத்துத் தாயே தூக்கிட்டு வந்திருக்காங்களே! அப்படி என்னதான் வைச்சிருக்காங்க சம்பந்தி? பார்த்துடுவோம்."

பட்டின் நுனியை இரண்டு விரலால் பிடித்தாள்.

மேளம்கூட அந்த நேரம் பார்த்துத்தானா நிற்க வேண்டும்? தெருவே எட்டிப் பார்த்தது.

உமையாள் தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள். "தாராளமாப் பாருங்க. நீங்க பார்த்துட்டா, நாங்களும் நீங்க திருப்பித் தரப்போற எதிர்சீரை இங்கயே பார்த்துடலாம்."

தில்லைநாயகியின் விரல் ஒரு கணம் தயங்கியது. துணி விரலோடு அரை அங்குலம் எழும்பியது. பிறகு அப்படியே இறங்கியது.

"சேச்சே! சம்பந்தி வீட்டுச் சீரை வாசல்ல வைச்சுத் திறந்து பார்க்கற அல்பமா நாங்க?" என்று உரக்கச் சிரித்தாள். உள்ளே பார்த்துக் கைதட்டினாள். சிவப்புப் பட்டு மூடிய தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன. வந்துகொண்டே இருந்தன. "வாங்கினதுக்கு மேலயே திருப்பி அனுப்பறதுதான் எங்க வழக்கம். ஒண்ணு மட்டும், வீட்டுக்குப் போய்த்தான் திறக்கணும்."

தெரு வாயைப் பிளந்தது. பங்கஜத்தின் உதடு அசைவது நின்றுபோயிற்று. கனகாம்புயத்துக்குப் பிறந்ததிலிருந்து அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

குருவோடு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாள். முதல் தட்டைத் திறந்தாள்: வாழைப்பழம், மஞ்சள், ஒரு புடவை. இரண்டாவது: பந்தாகச் சுருட்டிய வைக்கோல். மூன்றாவது: வைக்கோல். பட்டுத்துணிகளை உருவி உருவி எறிந்தாள். கூடம் முழுக்க வைக்கோல்.

"தாயே! ஏமாத்திட்டா படுபாவி!"

"நீங்க கூடை அனுப்பினீங்க, அவங்க வைக்கோல் அனுப்பியிருக்காங்க," என்றாள் உமையாள். "மாட்டுக்காவது ஆகும்."

"பெரிய இடம்னுதானே கொடுத்தேன்!"

"அவங்களும் அப்படி நினைச்சுத்தான் எடுத்திருப்பாங்க."

கனகாம்புயம் வைக்கோல் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் தில்லைநாயகியின் ஏழு தலைமுறையையும் திட்டினாள். திட்டிக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"இந்நேரம் அவங்களும் திறந்திருப்பாங்களே. அந்தப் பொம்பளை இப்ப யார் மேல பாய்வா? பூரணி அங்க தனியா நிக்கறாளே தாயே!"

உமையாள் கீழே கிடந்த பட்டு ஒன்றை எடுத்து மடித்தாள்.

"பயந்துபோயிருப்பா. போகும்போதே பயந்துட்டேதான் போயிருப்பா."

"பயந்துட்டா போனா?"

கனகாம்புயம் பதில் சொல்ல வாயெடுத்தாள். எந்தத் தட்டுக்கு எந்தப் பட்டு என்று ஞாபகம் வந்தது. எந்தப் பட்டு காற்றில் தூக்கியது, யார் யார் வாசலுக்கு வந்தார்கள், யார் வரவில்லை, எல்லாம் வந்தது. மகளின் முகம் மட்டும் வரவில்லை.

"நீங்க முன்னாலதானே போனீங்க," என்றாள் மெல்ல. "நீங்க பார்த்தீங்களா தாயே, அவளை?"

"முன்னால போறவளுக்குப் பின்னால வர்றவ எப்படித் தெரிவா? இத்தனைக்கும் நடுவுல மூடாம போனது அவ ஒருத்திதான் கனகாம்புயம். நீங்க பார்க்கலையா?"