தவசி கேட்ட கை

ஒரு ஆகாசத்துல ஒரு ஊரு. பூமியோட தென்கோடியில, பனிக்கு மேல. அங்க ஓசோன் சனங்க மும்மூணு பேரா கைகோத்து நிப்பாங்க. வெயில்ல இருக்கிற விஷக்கதிரை அவங்கதான் தாங்குவாங்க. இல்லேன்னா கீழ பெங்குவின் குஞ்சுங்களுக்குக் கண்ணு அவிஞ்சுடும். ம் சொல்றியா? சரி.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். யார் வந்து கை கேட்டாலும் இல்லைன்னு சொல்லக் கூடாது.

அப்போ ரொம்ப உசரத்துல தவசியும் அவன் தம்பியும், நைட்ரஜன் வீட்டு இரட்டைப் பிள்ளைங்க, இறுகக் கட்டிக்கிட்டு மிதந்தாங்க. ஒரு நாள் சூரியன் சடசடசடன்னு நெருப்புத் துகளை வாரி எறிஞ்சுது. யார் மேல விழும்னு பெரிய இடத்துல யார் பார்க்கிறா? படார். தம்பி எங்கேயோ போனான். தவசி கையில சிக்கின ஒரு பிராணவாயுத் துணுக்கைப் பிடிச்சுக்கிட்டு நின்னான்.

பகலா இருந்தா வெயிலே அந்தப் பிடியை விலக்கி, அவனுக்கு வேற ஜோடி சேர்த்திருக்கும். அதுவோ தென்கோடியோட மாசக்கணக்கான இருட்டு; வெயில் எட்டாது, துகள் மட்டும் வந்து விழும். அப்புறம் குளிர்காலச் சுழிக்காத்து கிர்ர்ருன்னு அவனைக் கீழ இழுத்துக்கிட்டே வந்துது.

ஊருக்கு வந்தப்போ விடிய ஆரம்பிச்சுது. அவ்வளவு ஆழத்துல வெயிலுக்கு அவனைப் பிரிக்கிற உக்கிரம் இல்லை.

முதல் வீடு. "அக்கா, ஒரு கை." மூணு பேர்ல ஒருத்தி கை குடுத்து அவன்கூடப் போனா. மிச்ச ரெண்டு பேரும் வெறுங்காத்தாப் போனாங்க. அப்புறம் ஒத்தையா அலைஞ்ச ஒருத்தன் வந்து, தவசி புதுசாப் பிடிச்ச கையை விசுக்குன்னு பறிச்சுக்கிட்டுப் போயிட்டான்.

ரெண்டாவது வீடு. அதே மாதிரி. ம்?

மூணாவது வீட்டுல செவந்தி, ராக்கு, பொன்னி.

"குடுக்காதடி," ராக்கு தடுத்தா. "அந்த ரெண்டு வீடும் என்னாச்சு, பார்த்தேல்ல?"

"அவங்க சொல்றது நிசம்தான்," தவசி தலையைக் குனிஞ்சுக்கிட்டான். "ஆனா தனியா இருக்க முடியலை, அக்கா."

"கீழ குஞ்சுங்க இருக்கே, பொன்னி," செவந்தி முனகினா.

பொன்னி கீழ பார்த்தா. அவனைப் பார்த்தா. "கேட்டு வந்தவனைத் திருப்பி அனுப்பத் தெரியாதே எனக்கு," கை நீட்டிட்டா.

விசுக். அவளும் போயிட்டா.

இப்படியே வீடு வீடா. பூமிக்குக் கூரையா நின்ன ஊர்ல பெரிய ஓட்டை. பனியில நின்ன ஒரு குஞ்சுக்குக் கண்ணு செவந்து, தண்ணி கொட்டுச்சு. தாய் எங்க நிக்குதுன்னு அதுக்குத் தெரியலை.

ஊரே தவசியைக் கரிச்சுக் கொட்டுச்சு. நெருப்பை எறிஞ்ச சூரியன்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேட்கலை. அது மேல ஏறினப்போ கையெடுத்துக் கும்பிட்டாங்க.

தவசி அடுத்த வாசல்ல நின்னான்.

அவ்வளவுதான் கண்ணு, கதை தீர்ந்துபோச்சு. தூங்கு.