சாமிக்குத் துண்டு போட்ட நாற்காலி

"முதல்ல தப்புச் செஞ்சவன் சண்முகக்கனிதான்."

மடத்துக்குள் வந்து உட்காருமுன்பே செவத்தையா இதைச் சொல்லிவிட்டார்.

சாமி அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தார். வயதில் செவத்தையாவின் மகனைவிட இளையவர். செவத்தையா பதினோரு வருடமாக அவருக்குச் சீடர்.

"என்ன செஞ்சான்?"

"படம் பாக்க விடல்ல சாமி. நடிகன் வாயைத் திறக்குமுன்ன வசனத்தை இவன் சொல்லுதான். கொலைகாரன் யாருன்னு இடைவேளைக்கு முன்னாலயே சொல்லிட்டான். என் நாற்காலியில காலைத் தூக்கி வச்சுக்கிட்டு முறுக்கு கடிக்கான். சத்தம் போடாதப்பான்னேன். 'ஓய், படம் உம்ம வீட்டுச் சுவர்லயா ஓடுது?'ன்னான். கொட்டகையே சிரிச்சிது."

"எல்லாருமா?"

"சோடா விக்கிறவன்கூட."

"எப்போ?"

"வர்ற ஆடியோட பதினாலு வருஷம்."

சாமி ஒரு காயைப் பிளந்தார். உள்ளே பூச்சி. ஓரமாகப் போட்டார்.

"இப்போ என்ன வேணும்?"

"அவன் மன்னிப்புக் கேக்கணும். அதுவரைக்கும் எனக்குச் சோறு இறங்காது."

"பதினாலு வருஷமாவா?"

"இறங்குது. ருசிக்கல்ல."

"நாளைக்கு மேட்னிக்குப் போவோம்" என்றார் சாமி.

செவத்தையாவுக்கு அன்று ராத்திரி சோறு ருசித்தது. சாமி யாரோடும் தனியாக எங்கேயும் போனதில்லை.

மறுநாள் கொட்டகை திறந்ததுமே செவத்தையா உள்ளே போனார். அங்கே டிக்கெட்டில் நம்பர் கிடையாது. யார் துண்டு போடுகிறாரோ அவருக்கே இடம். பக்கத்து நாற்காலியில் துண்டை விரித்துவிட்டு, வருகிறவன் போகிறவனிடமெல்லாம், "சாமி வர்றாக. என்கூட" என்றார்.

சாமி வந்து உட்கார்ந்தார். செவத்தையா நாலு பக்கமும் திரும்பி, யார் யார் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டார்.

சண்முகக்கனியும் வந்தான். சரியாகப் பின்வரிசை. முறுக்குப் பொட்டலம்.

கதாநாயகன் குதிரையில் வந்தான். "ஏய், குதிரைக்கு நல்லா நடிப்பு வருது. அவனை இறக்கிவிடுங்கப்பா" என்றான் சண்முகக்கனி.

சாமி சிரித்தார்.

செவத்தையா திடுக்கிட்டார். சாமியின் பல்வரிசையை அவர் அன்றுதான் பார்த்தார். இந்தப் பதினோரு வருடத்தில் அவர் எத்தனை வேடிக்கை சொல்லியிருப்பார்! வழியெல்லாம் சொல்லிப் பழகிக்கொண்டு வந்து சொன்னதுகூட உண்டு. சாமி "உம்" என்பார். அதோடு சரி.

இடைவேளையில் சாமி எழுந்தார். பின்வரிசைக்குப் போனார். சண்முகக்கனியின் பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளங்கையை நீட்டினார். சண்முகக்கனி அதில் பாதி முறுக்கை வைத்தான்.

செவத்தையா தட்டுத் தட்டாகப் பழம் கொண்டுபோனவர். சாமி ஒருநாளும் கை நீட்டி வாங்கியதில்லை. "அங்க வையுங்க" என்பார்.

விளக்கு அணைந்தது.

செவத்தையா திரும்பிப் பார்த்தார். இரண்டு தலைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மறுபடியும் பார்த்தார். அப்புறம் நாற்காலியில் முட்டி போட்டு முழுசாகவே திரும்பிக்கொண்டார்.

"பெரியவரே, தலை மறைக்குது."

"படம் அந்தப் பக்கம் ஓடுது ஐயா!"

அவர் காதில் ஏறவில்லை. திரையில் கதாநாயகி சாகக் கிடந்தாள். கொன்றவன் பெயரைச் சொல்ல உதடு அசைந்தது.

"சாமி!" என்று கத்தினார் செவத்தையா. "அவன் வேணுமா, நான் வேணுமா?"

டார்ச் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. டிக்கெட் கிழிக்கிறவர் அவர் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப்போய் விட்டார்.

படம் விட்டதும் சாமி வந்தார். பின்னாலேயே ஒருவன் பெண்டாட்டியோடு வேகமாக வந்தான்.

"சாமி, இவர் உங்க ஆளா? மூணு மாசத்துக்கு ஒரு படம் பாக்கோம். அந்தப் பொண்ணு என்ன சொல்லிச்சுன்னு கேக்க விடல்ல இவர். முறுக்கு தின்ன அந்த வாயாடிகூட பின்பாதியில சும்மா இருந்தான்!"

சாமி கை கூப்பினார். "தப்பு என்னுது. கூட்டிட்டு வந்தது நான். மன்னிச்சுக்கோங்க."

அவன் பதறிப்போனான். "ஐயோ, நீங்க எதுக்கு சாமி..." தானும் கும்பிட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனான்.

செவத்தையா அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவனுக்கு ஒரு நிமிஷத்துல கிடைச்சிருச்சு சாமி."

"அவன் கேட்டான். கிடைச்சுது."

கொஞ்ச தூரத்தில் சண்முகக்கனி சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தான்.

"நீங்க அவன்கிட்ட ஒரு தடவையாவது சொன்னீங்களா?" என்று கேட்டார் சாமி.

"என்னத்த?"

"உங்க மனசு நொந்தது. அவன் மன்னிப்புக் கேக்கணும்கிறது."

செவத்தையா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"அந்தா நிக்கான். போய்ச் சொல்லுங்க. நான் இங்கேயே நிக்கேன்."

சண்முகக்கனி சைக்கிளைத் திருப்பினான். அவர்களைப் பார்த்ததும் நின்றான். ஒரு கால் தரையில், ஒரு கால் பெடலில்.

செவத்தையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முகத்தை வேறு பக்கம் திருப்பினார்.

"அது அவனுக்கே தெரியணும், சாமி."