மங்கிய படங்கள்

எக்ஸ்ரே பிரிவின் தலைவர் டாக்டர் சதாசிவம், அந்த மாதத் தணிக்கையில் தேறாத மார்புப் படங்களை ஊழியர்கள் முன் மேசையில் பரப்பினார்.

"இதையெல்லாம் மங்கலா எடுத்தது யாரு? சொல்லலேன்னா எல்லாருக்கும் மெமோ."

எக்ஸ்ரே எடுக்கும் பூங்கோதை எழுந்து நின்றாள். "எல்லாமே நான்தான் சார்."

"நீ லீவுல இருந்த அன்னிக்கு எடுத்ததும் இருக்கே?"

"அப்போ ஆள் மாறியும் படம் மாறலையே சார். எல்லாத்துலயும் எடுக்கும்போது நோயாளி மூச்சு விட்டு அசைஞ்சிருக்காரு. கூட்டம் சேருது, மூச்சைப் பிடிக்கச் சொல்லி நிக்காதீங்கன்னு நமக்கு உத்தரவு."

அந்த உத்தரவைப் போட்டவரே தலைவர்தான். அவர் படங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"மெமோ வேண்டாம். உத்தரவை எடுத்துடறேன்."

"படங்களை விட்டுட்டுப் போங்க சார். எங்க தப்பு எதுன்னு நாங்க உட்கார்ந்து பார்த்துப் படிக்கணும்," என்றாள் பூங்கோதை.

அவர் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவர்களோடு உட்கார்ந்தார்.